சந்தூக்கு திரும்பாத மூலை

கல்முனை டவுனுக்கு நடுவில் வீடு என்று சொன்னால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கண்ணை விரிப்பார்கள். "குடுத்து வெச்ச ஆக்கள்" என்பார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிடு தூரத்தில் புடைவைக் கடை, பாமசி, பேக்கரி, சந்தை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. ஆணம் கொதிக்கும்போது உப்பு முடிந்தால் அடுப்பை நூர்க்காமலே போய் வாங்கி வரலாம். ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான். அம்புலன்ஸ் கத்திக்கொண்டு மெயின் ரோட்டால் போனால் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். இத்தனையும் உண்டு. அந்த யன்னலை முழுதாகத் திறக்கத்தான் வழியில்லை. திறந்தால் எதிர் வீட்டுச் சுவரில் இடிக்கும்.

எங்கள் ஒழுங்கை மெயின் ரோட்டில் ஒரு புடைவைக் கடைக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவே தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதை ஒழுங்கை என்று நினைக்கவே மாட்டார்கள், இரண்டு கடைக்கும் நடுவில் விட்ட சந்து என்று நினைப்பார்கள். உள்ளே கொஞ்சத் தூரம் நேராக வந்து, எங்கள் வீட்டு மூலையில் மடங்கி, இன்னும் ஏழெட்டு வீடு தாண்டி ஒரு மதிலில் முட்டி நின்றுவிடும். எங்கள் வாசல் மடக்குக்கு உள்பக்கம் இருக்கிறது. யார் வெளியே போனாலும் எங்கள் மூலையைச் சுற்றித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. பின்கதவு என்று யாருக்கும் ஒன்று இல்லை. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரும் இன்னொரு வீட்டின் பின்சுவர்.

ஏன் இப்படி நெருங்கிப்போனது என்று கேட்டால், எங்கள் ஊரைப் பார்த்தாலே தெரியும். கிழக்கே கடல். கடல் ஒருதரம் ஊருக்குள் வந்து போனபிறகு அந்தப் பக்கம் வீடு கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில்தான் நாங்கள் எல்லோரும். இதில் எங்கள் வழக்கம் வேறு. வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுவார். பேரப்பிள்ளை கண்டபிறகும் அவர் அந்த வீட்டு மாப்பிள்ளைதான், பெண்சாதியும் புருசனை 'என் மாப்பிள்ளை' என்றுதான் சொல்வாள். பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேச எந்த வாயும் திறக்காது. ஒரு வளவில் இரண்டு பெண் பிறந்தால் வளவு இரண்டாகும், நாலு பிறந்தால் நாலாகும். பிரிக்க மண் இல்லாத காலம் வந்ததும் மேலே ஏறத் தொடங்கினோம்.

மேலே வீடு கட்டினால் ஏறுவதற்குப் படி வேண்டுமே. உள்ளே படி வைத்தால் ஒரு அறை போய்விடும். அதனால் படி வெளியே வரும். வெளியே என்றால் ஒழுங்கைக்குள். ஒருவர் படி, ஒருவர் தண்ணீர்த் தாங்கிக்குக் கட்டு, ஒருவர் மோட்டார் சைக்கிள் ஏற்றச் சரிவு. எல்லாம் இரண்டு விரல், மூன்று விரல், ஒரு சாண். "ஒரு சாண்தானே" என்று சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. நானும் சொன்னவள்தான்.

ஆனால் ஒழுங்கைக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த அரசாங்கக் கந்தோரிலும் எழுதி வைத்த சட்டம் இல்லை. "ஒழுங்கை எண்டா சந்தூக்கு போகணும்" என்பார்கள், அவ்வளவுதான். சந்தூக்கு என்பது இறந்தவரின் மய்யித்தை வைத்துத் தோளில் சுமந்து மையவாடிக்குக் கொண்டுபோகும் பெட்டி. அது பள்ளிவாசலில் இருக்கும். அது போகிற அகலமும், இரண்டு பக்கமும் தோள் கொடுக்கிறவர்கள் நடக்கிற அகலமும் விட்டால் போதும், மற்றதில் நீ என்ன கட்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வேலி பிடிக்கிற சண்டை வந்தாலும் கடைசியில் "சந்தூக்கு போகுமா, போகாதா?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடும். வீடு கட்டும்போது நாங்கள் எடுத்த அளவுகோல் அது.

இரண்டாவது மகளுக்குக் கலியாணம் பேசியபோது மாடி கட்டினோம். கீழ் வீடு மூத்தவளுக்கு எழுதியாகிவிட்டது. எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் முன்னறை. மேசன் படியை மூலையோடு சேர்த்து இறக்கலாம் என்றான். நான் சும்மா விடவில்லை. பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பிச் சந்தூக்கின் அகலத்தை ஒரு கம்பில் வெட்டி எடுத்து வரச் செய்தேன். அந்தக் கம்பை ஒழுங்கைக்குக் குறுக்கே பிடித்து, இரண்டு பக்கமும் ஆள் நிற்க வைத்து, நானே பார்த்தேன். போனது. தாராளமாகப் போனது. "பாத்துக்கங்க, நாளைக்கு ஒரு ஆளும் என்ட மேல விரல் நீட்டப்படா" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நீளம்தான்.

என் மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனைப் பக்கம். வயல்காட்டில் வளர்ந்தவர். கலியாணம் முடித்து முதல் நாள் இந்த ஒழுங்கைக்குள் வந்தபோது சொன்னது இன்றைக்கும் ஞாபகம். "எங்கட வரம்பு இதவிட அகலம் புள்ள. வரம்புல எதிர்ல மாடு வந்தாலும் ஒதுங்கலாம். இஞ்ச உங்கட உம்மா வந்தாலே நான் கிறுகிப் போகணும்." என் உம்மா கொஞ்சம் உடம்பு. நான் ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அவர் பழகிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஒழுங்கையில் தோளை ஒடுக்கி நடந்து, ரோட்டுக்குப் போனாலும் அப்படியே நடப்பார்.

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, "கொஞ்சம் தண்ணி தா" என்றவர், கோப்பையை வாங்கக் கையை உயர்த்த முடியாமல் இருந்தார். முகத்தில் வேர்வை ஊற்றியது. பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒழுங்கை வாயில் ஓட்டோ நின்றது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் டொக்டர் பின்னர் என்னைத் தனியே கூப்பிட்டுத் திட்டினார். கதிரையில் மடித்து இருத்திக் கொண்டு வந்ததே பெரிய பிழையாம். "இனி வந்தால் தாமதிக்கவே கூடாது. நடக்கவும் விடக் கூடாது, இருத்தவும் கூடாது. படுக்க வைத்தபடியே தூக்கிக்கொண்டு வாங்க" என்றார். இனி வராது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் இருமினால் குசினியில் என் கை நிற்கும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று, கதவு திறக்கக் கொஞ்சம் சுணங்கினால் நான் போய்த் தட்டுவேன். "உயிரோடதான் இரிக்கன்" என்று உள்ளேயிருந்து சொல்வார். அவருக்கு அது பகிடி. மெயின் ரோட்டில் அம்புலன்ஸ் போகும்போது முன்பெல்லாம் "யாருக்கு என்னவோ, யா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது அது ஒழுங்கை வாயைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விட மாட்டேன்.

இந்த நிலைமையில்தான் எதிர் வீட்டு ராத்தா தன் மாடிக்குப் படி கட்டத் தொடங்கினா. அவ எனக்கு இரத்த உறவு இல்லை, ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ராத்தாதான். ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே நாளில் பள்ளிக்கூடம், ஒரே அம்மியில் அரைத்த காலமும் இருந்தது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் ஒழுங்கை முழுக்க மணலும் கல்லும். ஆள் நடக்க இரண்டு அடி இல்லை. என் மாப்பிள்ளை கிளினிக் போகவேண்டிய நாள் அது. அந்த மணல் குவியலில் ஏறி இறங்கிப் போனார், பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"என்னகா ராத்தா, ஆள் சாகத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று தொடங்கினேன்.

"கண்டபாட்டுக்குக் கதைக்காத. அந்திக்கு மண் எல்லாம் உள்ளுக்குப் போயிரும்."

"மண் போகும். படி போகுமா? இவருக்கு ஒண்டு வந்தா எந்த வழியால கொண்டு போற?"

"உங்கட படி இரிக்கிதானே, மூலையில? அது ஆர்ர ஊட்டுப் படி?"

"என்ட படி அளந்து கட்டின படி! ஊரறிய அளந்தது! உங்கட படிய அளந்து காட்டுங்க பாப்பம்!"

ராத்தாவின் முகம் சிவந்துவிட்டது. "அளக்கத்தான் போறம்" என்று கதவைச் சாத்தினா. ஆனால் பள்ளிவாசலுக்கு முதலில் போனது நான்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு நிருவாகத்தார் இருக்கிற நேரம் பார்த்து மூத்த மருமகனை அனுப்பினேன். கம்பு வேண்டாம், கம்பை யார் எப்படியும் பிடிக்கலாம், சந்தூக்கையே கொண்டுவந்து அளந்து காட்டச் சொல்லி அனுப்பினேன். என் பிடிவாதம் அது. என் மாப்பிள்ளை அன்று சோறு தின்னும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"வேணாம் புள்ள. வெறும் சந்தூக்க வாசலுக்குக் கூப்பிடப்படா."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் செய்றன்."

அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணி போல் நாலு பேர் சந்தூக்கைக் கொண்டு வந்தார்கள். நிருவாகத்து மூத்தவர் ஒருவர், பாங்கு சொல்லும் மோதினார், இன்னும் இரண்டு பேர். மய்யித்து வெளியே போகிற திசையில்தான் அளக்க வேண்டும், அதனால் ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து தொடங்குவோம் என்றார் மூத்தவர். நியாயம்தான். உள்ளே கொண்டு போகும்போது வெறும் பெட்டிதானே என்று இரண்டு பேர் அதைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கிக் கொண்டு போனார்கள். அதனால் போகும்போது ஒரு தடையும் தெரியவில்லை.

என்ன வெயில் அன்றைக்கு. ஆனால் ஒழுங்கையில் ஒரு குளிர் வந்தது. யாரும் மவுத்தாகாமல் சந்தூக்கு வருவதை எங்களில் யாரும் பார்த்ததில்லை. உள் வீட்டுப் பெண் ஒருத்தி "யா அல்லாஹ், இதென்ன சோதனை" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் எங்களை நோக்கி வந்தது. ரோட்டில் ஹோன் அடிக்கிறார்கள், புடைவைக் கடையில் மைக்கில் தள்ளுபடி கூவுகிறார்கள், எங்கள் ஒழுங்கைக்குள் செருப்புச் சத்தம் மட்டும். நான் வாசலில் நின்றேன். ராத்தாவும் தன் வாசலில் நின்றா. எங்கள் இருவரின் கதவும்தான் திறந்திருந்தன.

தோளில் வைத்து, இரண்டு பேர் முன்னால் இரண்டு பேர் பின்னால், மெல்ல வந்தார்கள். பழக்கதோஷம், மோதினாரின் வாய் கலிமாவை முணுமுணுத்தது. ராத்தாவின் படிக்குக் கொங்கிரீட் வார்க்க அடித்திருந்த பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இடிக்கும், இடிக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். இடிக்கவில்லை. ஒரு விரல் இடைவெளியில் போய்விட்டது. ராத்தா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அப்படியே எங்கள் மூலைக்கு வந்தார்கள். முன்னால் நின்ற இரண்டு பேரும் மடக்கில் திரும்பினார்கள். டக் என்று ஒரு சத்தம். சந்தூக்கின் முன்தலை எங்கள் படியின் எட்டாம் கட்டில் முட்டி நின்றது. பின்னுக்கு எடுத்துத் திரும்பவும் பார்த்தார்கள். பின்தலை எதிர்ச் சுவரில் இடித்தது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். முன்னால் விட்டால் படி, பின்னால் விட்டால் சுவர். நான் கம்பில் அகலத்தைத்தான் வெட்டி எடுத்திருந்தேன். ஒரு மூலையில் திரும்புவதற்கு நீளமும் வேண்டும் என்பது எனக்கோ மேசனுக்கோ கம்பு பிடித்த அன்று கூடி நின்ற ஒரு ஆண்பிள்ளைக்கோ தோன்றவில்லை. படி கட்டியபிறகு உள்பக்கம் ஒரு மவுத்தும் விழாததால் யாருக்கும் தெரியவும் இல்லை. மல்லாக்கப் படுத்து எச்சில் துப்பின கதை.

"நிமித்திக் கொண்டு போவம்" என்றான் முன்னால் நின்றவன்.

"வெறும் பெட்டி எண்டபடியா நிமித்தலாம். உள்ளுக்கு ஆள் இருந்தா நிமித்த ஏலுமா? படுத்தபடி இரிக்கிற ஆள எப்பிடித் திருப்புற?" என்றார் மூத்தவர்.

சொல்லிவிட்டு அவர் எங்கள் யன்னலைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். யன்னல் இடுக்கில் என் மாப்பிள்ளை நின்றார். அவர் கண் சந்தூக்கில் இல்லை. படிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் என்னிடம் சொன்னது அவருக்கும் தெரியும். படுக்க வைத்தபடி.

அவர்தான் முதலில் கதைத்தார். "சரி, அளந்தாச்சி. வெயில்ல நிக்காம எல்லாரும் உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். யாரும் வரவில்லை. சந்தூக்கை நிமிர்த்தி மூலையைக் கடந்து கொண்டுபோய்விட்டார்கள்.

நான் வாசலிலேயே இருந்துவிட்டேன். ராத்தா ஒழுங்கையைக் கடந்து வந்து, என் தலையில் நழுவிய முக்காட்டை இழுத்துச் சரி செய்தா. அவ திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்று அந்திக்கே மேசனைக் கூப்பிட்டேன். "இண்டைக்கே உடை" என்றேன். அவன் படியைத் தட்டிப் பார்த்தான், மேலே ஏறி இறங்கினான், தலையைச் சொறிந்தான். மாடியின் முன்சுவர் அந்தப் படியோடு சேர்த்து வார்த்த கொங்கிரீட்டில்தான் இருக்கிறதாம். உடைக்கலாம், ஆனால் முதலில் கீழே முட்டுக் கொடுத்து, எங்கள் முன்னறைக்குள்ளால் வேறு படி இறக்க வேண்டுமாம். இரண்டு மாதம் மேலே யாரும் குடியிருக்க ஏலாதாம். மேலே இருப்பது யார்? என் இளைய மகள். வயிற்றில் அவளுக்கு முதல் பிள்ளை, அப்போது ஆறு மாதம். அதற்கு முதல் இரண்டு தரம் தங்காமல் போனது. இந்தத் தரம் அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்கேனுக்குப் போகும்போது மட்டும் அவளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்குவோம். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன், இடிக்கிற சத்தத்துக்குள்ளா?

பள்ளிவாசல் நிருவாகத்தாரும் அதைக் கேட்டு இளகினார்கள். "புள்ள பெத்து நாப்பது கழியட்டும், பிறகு உடையுங்க" என்றார்கள். நாப்பது என்றால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நாற்பது நாள். நான் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். நாலரை மாதம். நாலரை மாதம் இவருடைய நெஞ்சு பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் போய் அந்தக் கெடுவைக் கேட்பது?

அந்த நாளிலிருந்து ஒழுங்கையின் நடப்பு மாறிவிட்டது. பிள்ளைகள் எங்கள் மூலையில் விளையாட வருவதில்லை, யார் சொல்லி விட்டார்களோ தெரியாது. உள்ளே போகிற பெண்கள் படியைக் கடக்கும்போது அபாயாவை ஒதுக்கிக்கொண்டு, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு போவார்கள். ராத்தா தன் படி வேலையை நிறுத்திவிட்டா. ஏன் என்று கேட்டதற்கு, "அவசரமில்ல" என்றா. சந்தையில் மீன் வாங்கும்போது ஒருத்தி, முகம் மட்டும் பழக்கம், "உங்கட ஊட்டுலதானே சந்தூக்கு திரும்பல்ல?" என்று கேட்டாள். அந்த மீனை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

இவருக்கோ புதிதாக ஒரு பழக்கம் வந்தது. காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு ரோட்டுக்குப் போய்விடுவார். பாமசிக்குப் பக்கத்தில் இருக்கிற தேத்தண்ணிக்கடையின் மர வாங்கில் போய் இருப்பார். லுஹருக்குப் பள்ளிவாசல், பிறகு திரும்பவும் அந்த வாங்கு. அஸர், மஃரிப், இஷா எல்லாம் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பகல் சோற்றுக்கும் வருவதில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை கடையில் சோறு தின்றால் அது பெண்ணுக்கு அவமானம், வீட்டில் அடுப்பு எரியவில்லையா என்று கேட்பார்கள். நான் சோற்றைக் கட்டி அனுப்பினேன். அதை வாங்கி அந்த வாங்கிலேயே இருந்து தின்றுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவார்.

எனக்குக் கோபம் கொதித்தது. என்னில் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சந்தூக்கைக் கூப்பிட வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை, அதற்குப் பழி வாங்குகிறார். சொல்லிவிட்டுச் சண்டை பிடித்தால் ஆம்பிளை. இதென்ன, நெஞ்சு வருத்தக்காரன் பொழுது முழுக்க ரோட்டுப் புகைக்குள், பொரித்த எண்ணெய் மணத்துக்குள், வேலையில்லாதவன்களோடு? ஒரு கிழமை பொறுத்தேன். இரண்டு கிழமை பொறுத்தேன். மூன்றாம் கிழமை ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அபாயாவைப் போட்டுக்கொண்டு நானே போனேன். அந்தக் கடைக்கு முன்னால் பெண்கள் நிற்பதில்லை. நான் நின்றேன். வாங்கில் இருந்த மற்ற ஆண்கள் எழும்பி விலகிப் போனார்கள்.

"ஊட்ட வாறீங்களா, இல்லாட்டி நான் இஞ்சயே இருக்கவா?" என்றேன்.

"ஏன் புள்ள ரோட்டுல நிண்டு கத்துற? இரு" என்று வாங்கில் இடம் விட்டார்.

"என்ட மேல கோபம் எண்டா மூஞ்சியில சொல்லுங்க. ஊர் சிரிக்குது. பொண்டாட்டி தொரத்தி விட்டிட்டா எண்டு கதைக்குதுகள்."

"கதைக்கட்டும்."

"கோபம் இல்லாம ஏன் இஞ்ச வந்து கிடக்கீங்க?"

அவர் பக்கத்தில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துத் திறந்து காட்டினார். கிளினிக் கொப்பி. அடையாள அட்டை. நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை. மடித்த ஒரு சாறன். ஒரு துவாய்.

"இஞ்ச விழுந்தன் எண்டா இந்தப் பொடியனுகள் படுக்க வெச்சித் தூக்கி வேனுல ஏத்திருவானுகள். சொல்லி வெச்சிரிக்கன். ஆஸ்பத்திரிக்கு மூணு நிமிசம்" என்றார். ரோட்டில் ஒரு பஸ் போகும்வரை பொறுத்தார். "ஊட்டுல விழுந்தா நீ என்ன செய்வாய்? அந்தப் படியில தலைய அடிச்சிக்கிட்டு நிப்பாய். பொறகு நீ இரிக்குமட்டும் அதையே சொல்லிக்கிட்டு இரிப்பாய். மகள் அந்தப் படியால இறங்கட்டும் புள்ள. எனக்கு ரோட்டு இரிக்கி."

ஒழுங்கை முழுக்கக் கேட்கிற இந்த வாயால், "அப்ப ராவைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"ராவைக்கு எங்க போற? கடை பூட்டிருவான். ராவைக்கு அல்லாஹ்ட பொறுப்பு" என்றார். பிறகு சிரித்தார். "பகலுக்கும் அவன்ட பொறுப்புத்தான். நான் சும்மா கொஞ்சம் லேசாக்கிக் குடுக்கன்."

அன்று நான் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ரோட்டில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகத்தான் திரும்பினேன். மூலையில் என் படியைக் கடக்கும்போது உள்ளங்கையால் ஒரு அடி அடித்தேன். கொங்கிரீட்டுக்கு ஒன்றுமில்லை, கை வலிதான் மிச்சம். மேலே மகள், "ஆருகா அது, உம்மாவா?" என்று கேட்டாள். "ஓம், நான்தான், நீ படு" என்றேன்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். நான் காலையில் இவருக்குத் தேத்தண்ணி கொடுத்ததும், "நேரம் போகுதுங்க, வெளிக்கிடுங்க" என்று நானே சொல்கிறேன். பேக்கில் குளிசை இருக்கிறதா என்று பார்த்துக் கையில் கொடுக்கிறேன். ராத்தா தன் வாசலில் நின்று பார்ப்பா. பகலில் அம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனால் அவர் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து வேலையைப் பார்க்கிறேன்.

இந்த ஒழுங்கையில் மற்றப் பெண்கள் மாப்பிள்ளை வெளியே போனால் கவலைப்படுவார்கள், வீடு வந்து சேர்ந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். எனக்கு அவர் வெளியே இருக்கும்வரை நெஞ்சு ஆறியிருக்கிறது. இஷா முடிந்து, மூலையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டு, கதவைத் திறந்து அவரை உள்ளே எடுக்கும்போதுதான் எனக்குப் பயம் பிடிக்கிறது.